நிரலுள் பொதிந்த ஏடு

மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும், மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் அப்பகுதி மக்கள் வழங்குவர். ஞாயிறு எழுகின்ற திசையும் படுகின்ற திசையுமே இப்பெயர்களுக்குக் காரணமாயின. படுவான்கரையில், போரதீவுப்பற்றில், வயல்கள் சூழ அமைந்த பழம்பதி பழுகாமம். திரௌபதை அம்மன் ஆலயத்தால் பெயர்பெற்ற ஊர் அது. எழுவான்கரையிலிருந்து அங்குச் செல்வோர் பட்டிருப்புப் பாலத்தின் வழியே வாவியைக் கடப்பர். பாலம் அமையாத துறைகளில் தோணியும், 'பாதை' என்று மட்டக்களப்பார் வழங்கும் மிதவையுமே நெடுங்காலம் துணையாயிருந்தன. மண்முனைத் துறையில் 2014-ஆம் ஆண்டு பாலம் திறக்கப்படும் வரையில் பாதையே மக்களை ஏற்றி இறக்கியது.

வாவியைக் கடப்பவர்க்கு அனுபவம் கற்பித்த விதி ஒன்றுண்டு. வேண்டியவற்றையெல்லாம் கையோடு கொண்டு செல்ல வேண்டும் என்பதே அது. அக்கரை சேர்ந்தபின் ஒரு பொருளை மறந்து வந்தமை தெரியவரின், அதன்பொருட்டு மீண்டும் ஒருமுறை நீரைக் கடக்க நேரும். கணினிக்குச் செய்நிரல் எழுதுவோரும் இவ்விதியைப் பலமுறை இடர்ப்பட்டே கற்றிருக்கின்றனர். ஒரு கணினியில் உருவான செய்நிரல் வேறொரு கணினிக்குச் செல்லும்போது, தனக்கு வேண்டிய உரைகளைத் தன்னுடன் கொண்டு செல்கின்றதா, அல்லது விட்டுவிட்டுச் செல்கின்றதா என்பதைப் பொறுத்தே அதன் பயன் அமைகின்றது. உரைக்கோப்பைச் செய்நிரலின் உள்ளேயே பொதிந்துவிடும் முறைக்கு உட்பொதித்தல் என்று பெயர். எளிதாகத் தோன்றும் இச்செயலில் அடங்கிய சிக்கல்கள் பல. அதனால் விளையும் நன்மையும் தீமையும் அறியத்தக்கவை.

செய்நிரலர் எழுதுவது மனிதர் படித்தறியக்கூடிய மூலநிரல். கணினியோ எண்களாலான கட்டளைகளை மட்டுமே அறியும். மூலநிரலை எண்கட்டளைகளாக மாற்றும் கருவிக்குத் தொகுப்பான் என்று பெயர். தொகுத்து முடிந்தபின் கிடைப்பது தனித்ததொரு கோப்பு. அதனைப் பிறிதொரு கணினியில் இட்டு இயக்கலாம். மூலநிரல் அங்கு வேண்டியதில்லை; தொகுப்பானும் வேண்டியதில்லை. ஆயினும் அச்செய்நிரல் திரையில் காட்ட வேண்டிய பாடலோ, பாடமோ, அட்டவணையோ வேறொரு கோப்பில் இருக்குமாயின், அந்தக் கோப்பும் உடன் செல்ல வேண்டும். செல்லாதவிடத்துச் செய்நிரல் இருந்தும் பயனில்லை.

ஓர் எடுத்துக்காட்டினால் இது தெளிவாகும். மட்டக்களப்புப் பகுதிக் கண்ணகியம்மன் கோயில்களில் வைகாசிச் சடங்கின்போது 'கண்ணகி வழக்குரை' படிக்கப்பெறும். ஏட்டுச்சுவடிகளில் வழிவழியாகக் காக்கப்பட்டு வந்த அந்நூலைப் பண்டிதர் வி. சீ. கந்தையா 1968-ஆம் ஆண்டில் அச்சில் பதிப்பித்தார். ஓர் ஆசிரியர், பழுகாமத்து மாணவர் இந்நூலைக் கணினித் திரையில் படித்துப் பொருளறியும் வண்ணம் ஒரு செய்நிரல் எழுதுகின்றார் என்று கொள்க. நூலின் பாடம் ஓர் உரைக்கோப்பிலும், அதனைக் காட்டும் கட்டளைகள் செய்நிரலிலும் உள்ளன என்றும் கொள்க. அவருடைய கணினியில் எல்லாம் ஒழுங்காக நடைபெறும். அதனைச் சிறு சேமிப்புக்கருவியில் பதித்து மாணவரிடம் கொடுக்கும்போதுதான் இடர்கள் தோன்றும்.

முதலாவது இடர், கோப்பு பின்தங்கிவிடுதல். மாணவர் செய்நிரலை மட்டும் படியெடுத்துக்கொண்டு உரைக்கோப்பை விட்டுவிடுவர். இரண்டாவது இடர், கோப்பு உடன் வந்தும் காணப்படாமை. செய்நிரல் தன் உரையை எந்தக் கோப்புறையில் தேடுவது என்பது, அது எங்கிருந்து இயக்கப்படுகின்றது என்பதைப் பொறுத்து மாறக்கூடும். கோப்புறையையும் கோப்பையும் பிரித்துக்காட்டும் சாய்கோடு விண்டோசில் ஒரு பக்கமாகவும், லினக்சில் மறுபக்கமாகவும் சாய்ந்திருக்கும். கோப்பின் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் மாறினால் விண்டோஸ் பொதுவாக அதனைப் பொருட்படுத்துவதில்லை. லினக்சோ அவற்றை இருவேறு பெயர்களாகவே கொள்ளும். ஆகவே, ஒரு கணினியில் கண்ணெதிரே நிற்கும் கோப்பு, மற்றொரு கணினியில் 'இல்லை' என்று ஆகிவிடுகின்றது.

உரையைச் செய்நிரலின் உள்ளேயே பொதிந்துவிட்டால் இவ்விடர்கள் யாவும் ஒருங்கே நீங்கும். தேட வேண்டிய கோப்புமில்லை, பின்தங்கும் பொருளுமில்லை. செய்நிரல் எங்குச் சென்றாலும் வழக்குரையும் உடன் செல்லும். மாரிகாலத்தில் வெள்ளம் பரந்து பாதைகள் மூழ்கிய நாளிலும், இணையத் தொடர்பு அற்றுப்போன நாளிலும், கணினி இயங்குமாயின் ஏடும் திறக்கும்.

இனி, பொதியும் முறைகளைக் காண்போர்க்கு முதலில் விளங்க வேண்டியது, கணினியில் எழுத்து எவ்வாறு நிற்கின்றது என்பதாம். கணினி எழுத்தை எழுத்தாக வைப்பதில்லை, எண்ணாகவே வைக்கும். எட்டுப் பிட்டுகள் கொண்ட ஓர் அலகு பைற்று எனப்படும்; 0 முதல் 255 வரையுள்ள ஓர் எண்ணை அது தாங்கும். 1991-இல் வெளிவந்த ஒருங்குறித் தரம் தமிழ்க் குறியீடுகளுக்கும் தனித்தனி எண் வழங்கியது. இன்று பெருவழக்காயுள்ள யூ.டி.எஃப்.-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைற்றுகளைக் கொள்கின்றது. 'அ' என்னும் எழுத்து 224, 174, 133 என்னும் மூன்று எண்களாக நிற்கும். 'கண்ணகி' என்பது இலக்கணத்தார் எண்ணிக்கையில் நான்கெழுத்துச் சொல். கணினியோ, புள்ளியையும் இகரக் குறியையும் தனித்தனியே எண்ணி, அதனை ஆறு குறியீடுகளாகவும் 18 பைற்றுகளாகவும் கொள்ளும்.

உட்பொதிக்கும் முறைகளுள் மிகப் பழையது, உரையை மூலநிரலிலேயே மேற்கோட்குறிகளுக்கு இடையில் எழுதிவிடுவதாகும். 'வணக்கம்' போன்ற சிறு தொடர்களுக்கு இதுவே போதும். பெருநூலுக்கு இது பொருந்தாது. 1970-களின் தொடக்கத்தில் பெல் ஆய்வுக்கூடத்தில் டெனிஸ் ரிச்சியால் உருவாக்கப்பட்ட சி என்னும் மொழியை எடுத்துக்கொண்டால், அதன் 1999-ஆம் ஆண்டுத் தரம், 4095 இடங்கள் வரையுள்ள தொடரை ஏற்குமாறு மட்டுமே தொகுப்பான்களைக் கட்டாயப்படுத்துகின்றது. ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று இடம் வேண்டுமாதலால், அது 1365 குறியீடுகளுக்கே போதுமானது. சில பாடல்களுடன் இடம் தீர்ந்துவிடும். பெரும்பாலான தொகுப்பான்கள் இதனினும் மிகுதியாக ஏற்பினும், அவற்றின் எல்லைகள் ஒன்றுபோல் இரா. ஒன்றில் தொகுக்கப்படுவது மற்றொன்றில் பிழையெனத் தள்ளப்படலாம்.

இரண்டாவது முறை, உரைக்கோப்பை எண்களின் வரிசையாக மாற்றி மூலநிரலில் சேர்ப்பது. இதனைக் கையால் செய்வது இயலாத காரியம். யூர்கன் வைகர்ட் என்பார் 1990-ஆம் ஆண்டில் எழுதிய எக்ஸ்.எக்ஸ்.டி. என்னும் சிறு கருவி இதனை நொடியில் செய்துமுடிக்கும். விம் என்னும் உரைதிருத்தியுடன் சேர்ந்து அக்கருவி பல கணினிகளுக்கும் பரவியது. இம்முறையின் சிறப்பு, அது எந்தப் பணிசெயல் முறைமையிலும் எந்தத் தொகுப்பானிலும் பொருந்தும் என்பதே. அதன் குறை, வீக்கம். ஒரு பைற்றை மூலநிரலில் எண்ணாக எழுத ஏறத்தாழ ஆறு இடம் செலவாகும். எனவே, 'அ' என்னும் ஓரெழுத்து மூலநிரலில் 18 இடங்களை அடைத்துக்கொள்ளும். தொகுப்பான் அந்நெடிய எண்வரிசையை ஒவ்வொன்றாகப் படித்து, சரிபார்த்து, மீண்டும் முன்னிருந்த பைற்றுகளாகவே மாற்ற வேண்டியிருக்கின்றது. நெல்லை அரிசியாக்கி, அரிசியை மீண்டும் நெல்லாக்க முயன்றாற்போல வீணுழைப்பு இது. கோப்பு பெரிதாயின் தொகுப்பான் நெடுநேரம் திணறும்.

மூன்றாவது முறை, தொகுப்பானைத் தவிர்த்து, அதற்கு அடுத்த நிலையிலுள்ள இணைப்பானிடம் கோப்பை நேரே ஒப்படைப்பது. தனித்தனியே தொகுத்த பகுதிகளை ஒன்றாகக் கோத்து முழுச் செய்நிரலாக்கும் கருவியே இணைப்பான். லினக்சில் வழங்கும் குனூ இணைப்பான், உரைக்கோப்பை உள்ளவாறே ஏற்று, அதன் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் அளவுக்கும் மூன்று பெயர்களைத் தானே சூட்டும். அப்பெயர்களைக் கொண்டு செய்நிரல் உரையை அணுகலாம். வீக்கமில்லை, தாமதமுமில்லை. ஆயினும் தமிழர் கருத வேண்டிய நுட்பம் ஒன்று இங்குண்டு. கோப்பின் பெயரிலிருந்தே அம்மூன்று பெயர்களும் ஆக்கப்படுகின்றன. அவ்வாறு ஆக்கும்போது ஆங்கில எழுத்தும் இலக்கமும் அல்லாத ஒவ்வொரு பைற்றும் அடிக்கோடாக மாற்றப்படுகின்றது. கோப்புக்குத் தமிழில் பெயரிட்டிருப்பின், பெயர் முழுவதும் வெறும் அடிக்கோடுகளாகிவிடும். ஒரே நீளமுள்ள இரு தமிழ்ப்பெயர்கள் ஒரே பெயராகி ஒன்றோடொன்று மோதும். ஆதலின், உள்ளே தமிழ் நூலிருப்பினும் கோப்பின் பெயரை ஆங்கில எழுத்தில் இடுவதே இம்முறையில் காப்பாகும்.

இம்முறை ஒரு நாட்டுக்கு ஒரு வழக்கம் என்றாற்போல முறைமைக்கு முறைமை வேறுபடுகின்றது. ஏனெனில், தொகுத்த செய்நிரலின் உள்ளமைப்பே ஒன்றுபோல் இல்லை. விண்டோஸ் ஏற்கும் அமைப்பு பி.இ. எனப்படும்; லினக்ஸ் ஏற்பது எல்ஃப்; அப்பிள் நிறுவனத்தாரின் கணினி ஏற்பது மாக்-ஓ. மட்டக்களப்பு வாவியில் தோணியில் சரக்கேற்றும் முறை வேறு, பாதையில் ஏற்றும் முறை வேறு என்பதுபோல, இம்மூன்றிலும் உரையை ஏற்றும் முறைகளும் வேறுவேறு. விண்டோசில் 'வளங்கள்' என்றொரு தனிப்பகுதி உண்டு. படங்களும் உரைகளும் அதில் எண்ணிட்டு வைக்கப்படும். அவற்றை எடுப்பதற்குத் தனிக் கட்டளைகளும் உண்டு. அப்பிள் கணினியில் இணைப்பானிடமே புதியதொரு பகுதியை அமைக்குமாறு சொல்லலாம். மேலும், சி மொழிப் பெயர்களுக்கு முன்னே ஓர் அடிக்கோட்டைச் சேர்க்கும் வழக்கம் அப்பிள் கணினியிலும் 32 பிட்டு விண்டோசிலும் உண்டு, லினக்சில் இல்லை. ஓர் அடிக்கோடு மிகினும் குறையினும் இணைப்பான் உரையைக் காணாது திகைத்துவிடும்.

இத்தகைய வேறுபாடுகளால், ஒரே செய்நிரலை மூவகைக் கணினிகளுக்கும் அமைப்போர் மூன்று வழிகளைக் கையாள வேண்டியதாயிற்று. இக்குறையைப் போக்குவதற்கு, உட்பொதித்தலை மொழியின் இலக்கணத்திலேயே சேர்த்தல் நலம் என்னும் கருத்து மேலோங்கியது. ரஸ்ட் மொழி 2015-இல் முதல் நிலைத்த பதிப்பாக வெளிவந்தபோதே இதற்கு வழி செய்திருந்தது. கோ என்னும் மொழி 2021-ஆம் ஆண்டில் வெளியான 1.16-ஆம் பதிப்பில் இதனைச் சேர்த்தது. மூத்த மொழியாகிய சி, தோன்றி ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கழித்தே இதனைப் பெற்றது. 'எம்பெட்' என்னும் கட்டளையைத் தரக்குழு 2022-இல் ஏற்றுக்கொண்டது. அதனை உள்ளடக்கிய அனைத்துலகத் தரம் 2024-இல் வெளியாயிற்று. கோப்பின் பெயரை ஒரு வரியில் குறித்துவிட்டால், எந்த முறைமையாயினும் தொகுப்பானே அதனை உள்ளே கொணர்ந்துவிடும்.

கருவி எளிதானமையால் கவனம் வேண்டாம் என்று கருதலாகாது. பொதிபவர் கோப்பில் என்ன இருக்கின்றதோ அதனையே கருவி பொதியும். விண்டோசில் எழுதிய உரைக்கோப்பில் ஒவ்வொரு வரியின் இறுதியிலும் 13, 10 என்னும் இரு பைற்றுகள் நிற்பது வழக்கம். லினக்சில் 10 மட்டுமே நிற்கும். கோப்பை வெளியே வைத்துப் படிக்கும் காலத்தில் அவ்வம்முறைமை இவ்வேறுபாட்டைச் சரிசெய்துகொள்ளக்கூடும். உள்ளே பொதிந்தபின் அவ்வாறு சரிசெய்வாரில்லை. சில உரைதிருத்திகள் கோப்பின் தொடக்கத்தில் 239, 187, 191 என்னும் மூன்று பைற்றுகளை அடையாளமாக இட்டுவிடும். அவை கண்ணுக்குத் தோன்றாவிடினும் பாடலின் முதற்சொல்லோடு ஒட்டிக்கொண்டு, தேடும்போது அச்சொல்லை மறைத்துவிடும். இன்னொன்று: சி மொழியில் ஒரு தொடர் முடிந்தது என்பதனைச் சுழியத்தால் உணர்த்துவர். மேற்கோட்குறிக்குள் எழுதிய தொடருக்குத் தொகுப்பானே சுழியத்தைச் சேர்க்கும். கோப்பாகப் பொதிந்த உரைக்கு அது சேர்க்கப்படுவதில்லை. அளவை அறிந்து நிறுத்தாவிடின், செய்நிரல் ஏட்டின் கடைசி வரியைக் கடந்து, நினைவகத்திலுள்ள பொருளற்ற பைற்றுகளையும் பாடலென எண்ணிப் படித்துக்கொண்டே போகும்.

இலங்கைத் தமிழர் தனியே கருத்தில் கொள்ள வேண்டியது எழுத்துமுறை. ஒருங்குறி பரவுமுன் பாமினி என்னும் எழுத்துரு இந்நாட்டில் பெருவழக்காய் இருந்தது. அம்முறையில் தட்டெழுதிய கோப்புகள் இன்றும் பல இடங்களில் உள்ளன. அவற்றில் உண்மையில் சேமிக்கப்பட்டிருப்பவை ஆங்கில எழுத்துகளே. ஆங்கில 'எம்' எழுத்தின் வடிவத்துக்குப் பதிலாக 'அ' வரையப்பட்டிருப்பதனால் அது தமிழாகத் தோன்றுகின்றது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வழக்குரைப் பாடல் முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகக் காட்சிதரும். அத்தகைய கோப்பைச் செய்நிரலுக்குள் பொதிந்துவிட்டால், அந்தப் பிழையும் நிலைபெற்றுவிடும். ஆதலின், பொதிவதற்கு முன்னரே ஒருங்குறிக்கு மாற்றி, அறிந்தவரைக் கொண்டு வரிவரியாக ஒப்புநோக்குதல் இன்றியமையாதது.

தமிழ் உரை இவ்வாறு பொதியப்பட்டுப் பல கணினிகளிலும் செல்வதற்கு நல்லதொரு சான்று, ஐ.சி.யூ. என்னும் மென்பொருள் நூலகம். ஐ.பி.எம். நிறுவனம் 1999-இல் அனைவர்க்கும் திறந்துவிட்ட அந்நூலகம், உலக மொழிகள் பலவற்றின் கிழமைப் பெயர், திங்கட் பெயர், எழுத்துக்களின் அகரவரிசை ஆகியவற்றைத் தாங்கிச் செல்கின்றது. தமிழும் அவற்றுள் ஒன்று. இலங்கைத் தமிழுக்குரிய வேறுபாடுகளும் அதில் இடம்பெறுகின்றன. மனிதர் படிக்கக்கூடிய உரைக்கோப்புகளாக எழுதப்படும் அத்தகவல்கள், தொகுக்கப்பட்டு நூலகத்தின் உள்ளே பொதியப்படுகின்றன. வேண்டுவோர் அவற்றைத் தனிக்கோப்பாக வெளியே வைத்துக்கொள்ளவும் இயலும். இருவழியையும் அந்நூலகம் திறந்து வைத்திருப்பதற்குக் காரணமுண்டு. உள்ளே வைத்தால் இழப்பில்லை. வெளியே வைத்தால் திருத்தம் எளிது.

இதுவே உட்பொதித்தலின் மையமான கேள்வி. பொதிந்த உரை இழக்கப்படாது என்பது உண்மை. அவ்வுரையைத் திருத்துவதும் அதே அளவுக்கு அரிது என்பதும் உண்மை. ஒரு சொல்லை மாற்றுவதற்கும் மூலநிரலைத் தேடியெடுத்து, மீண்டும் தொகுத்து, பல ஊர்களிலும் பரவிவிட்ட படிகளையெல்லாம் மாற்ற வேண்டும். இதன் விளைவை இலங்கை மக்கள் தம் கடிகாரத்திலேயே கண்டிருக்கின்றனர்.

வானொலியில் நேரம் அறிவிக்கக் கேட்டுக் கடிகாரத்தைச் சரிசெய்வது நேயர்கள் பலரும் அறிந்த வழக்கம். 1996-ஆம் ஆண்டில் நாட்டில் மின்வலுத் தட்டுப்பாடு நேர்ந்தபோது, மே மாதம் 25-ஆம் நாள் இலங்கையின் கடிகாரம் ஒரு மணிநேரம் முன்தள்ளப்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபர் 26-ஆம் நாள் அரைமணி பின்தள்ளப்பட்டது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டி, 2006-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள் மீண்டும் அரைமணி பின்தள்ளப்பட்டு, கிரீன்விச் நேரத்துக்கு ஐந்தரை மணி முன்னதான பழைய நேரம் திரும்பியது. மனிதர் தம் கடிகார முள்ளைத் திருப்பிவிட்டனர். கணினிகளோ நேரவிதியை அட்டவணையைப் பார்த்தே அறிகின்றன.

அந்த அட்டவணை, உலகெங்கும் பொதுவாக வழங்கும் நேரவலயத் தரவுத்தொகுப்பாகும். 2011 முதல் ஐ.ஏ.என்.ஏ. என்னும் அமைப்பின் பொறுப்பில் உள்ள அத்தொகுப்பின் மூலம், எவரும் படித்தறியக்கூடிய எளிய உரைக்கோப்புகளே. விதி மாறுந்தோறும் அக்கோப்புகள் திருத்தப்படுகின்றன. முறைமையிலுள்ள வெளி அட்டவணையைப் பார்க்கும் செய்நிரல், அவ்வட்டவணை புதுப்பிக்கப்பட்டவுடன் திருந்திவிடும். 2006 ஏப்ரலுக்கு முன் அட்டவணையைத் தன்னுள் பொதிந்து தொகுத்த செய்நிரலோ, தன்னைப் புதிதாகத் தொகுக்கும் வரையில் பழைய விதியையே பின்பற்றும். பாடசாலை மணி எட்டு அடிக்கும்போது அது எட்டரை என்று காட்டும். செய்நிரலில் பழுதொன்றும் இல்லை; தன்னுள் எழுதியிருப்பதை அது பிழையின்றிப் படிக்கின்றது. எழுதியதே காலம் கடந்துவிட்டது.

படுவான்கரையைப் பொறுத்தவரை இக்கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1996-ஆம் ஆண்டின் நேரமாற்றத்தை விடுதலைப் புலிகள் தம் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளில் ஏற்றுக்கொள்ளவில்லை. படுவான்கரையின் பல பகுதிகள் 2007 வரை அவர்கள் கட்டுப்பாட்டில் இருந்தன. தரவுத்தொகுப்பின் உரைக்கோப்பில் இச்செய்தியும் குறிக்கப்பட்டுள்ளது. அப்பகுதிகளில் வாழ்வோர் கொல்கத்தா நேரத்தைத் தேர்ந்துகொள்ளலாம் என்று 2006-இல் அதில் ஒரு விளக்கக்குறிப்பு எழுதப்பட்டது. ஆனால், அவ்வுரைக்கோப்பைக் கணினிக்குரிய அட்டவணையாக மாற்றும்போது விளக்கக்குறிப்புகள் யாவும் நீக்கப்பட்டுவிடும். கணினிக்கு அவை தேவையில்லை. எனவே, உள்ளே செல்வது 'கொழும்பு' என்னும் பெயரும் சில எண்களுமே. ஒரு நாட்டின் எல்லா ஊர்களும் ஒரே நேரத்தைக் கைக்கொள்ளவில்லை என்னும் வரலாறு வெளியிலுள்ள மூலத்தில் மட்டுமே எஞ்சும். மூலக்கோப்பை இழந்து, பொதிந்த செய்நிரலை மட்டும் காப்போர் எதனை இழப்பர் என்பதற்கு இது சான்று.

இவ்விரு நிலைகளையும் இணைக்கும் நடுவழி ஒன்றும் உண்டு. கோ மொழி 2020-ஆம் ஆண்டில் வெளியான 1.15-ஆம் பதிப்பில், நேரவலயத் தொகுப்பு முழுவதையும் செய்நிரலுக்குள் பொதிந்துகொள்ள வழி செய்தது. அதனால் செய்நிரலின் அளவு ஏறத்தாழ 450 கிலோபைற்று கூடும். எனினும், பொதிந்த அட்டவணையை அது முதலில் நாடுவதில்லை. கணினியில் அட்டவணை இருக்கின்றதா என்று முதலில் தேடும்; இருப்பின் அதனையே கொள்ளும்; எங்கும் கிடையாதபோதே தன்னுள் இருப்பதை எடுக்கும். வீட்டில் அன்றாடச் செலவுக்கு வெளியிலிருந்து நெல் வாங்கினும், பஞ்சகாலத்துக்கென்று பட்டறையில் சிறிது நெல் வைத்திருக்கும் குடும்பத்தின் அறிவு இது.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கின், எதனைப் பொதிவது, எதனை விடுவது என்பதற்கு ஒரு முறை புலப்படும். பதிப்பாசிரியர் ஒப்புநோக்கி நிலைநிறுத்திய பழம்பாடல், எழுத்துக்களின் வரிசை, உதவிக்குறிப்பு, பிழைச்செய்தி ஆகியன விரைவில் மாறாதவை. அவற்றைப் பொதிதல் நன்று. நேரவிதி, கட்டண விவரம், தொலைபேசி எண், பரீட்சைத் திகதி ஆகியன மாறுபவை. அவற்றை வெளியே வைத்தலும், வெளியே கிட்டாதபோது காட்டுவதற்கென்று ஒரு படியை உள்ளே வைத்து அதன் திகதியையும் உடன் காட்டுதலும் நன்று. கடவுச்சொல் போன்ற மறைபொருளை எக்காலத்தும் பொதியலாகாது. தொகுத்துவிட்டால் எவர் கண்ணுக்கும் புலப்படாது என்று சிலர் கருதுவர். தொகுத்த கோப்பிலுள்ள எழுத்துத் தொடர்களை வெளியெடுத்துக் காட்டும் எளிய கருவிகள் எவர்க்கும் கிடைக்கின்றன.

அனைத்தினும் முதன்மையானது, மூலத்தைக் காத்தல். பொதிந்த ஏடு பயணத்துக்குரியது; மூல ஏடு வீட்டிலிருக்க வேண்டியது. வழக்குரைச் செய்நிரலை எழுதிய ஆசிரியர், பாடத்தைத் தாங்கிய உரைக்கோப்பையும், அது எந்தப் பதிப்பைத் தழுவியது என்னும் குறிப்பையும் தனியே பேணி வைப்பாராயின், பின்னொரு காலத்தில் வேறொரு சுவடியிலிருந்து திருந்திய பாடம் கிடைக்கும்போது அதனைச் சேர்த்து மீண்டும் தொகுக்கலாம். பேணாவிடின், பிழையோடு கூடிய ஒரு பாடமே பல நூறு கணினிகளில் உறைந்து, அதுவே சரியானதென்று அடுத்த தலைமுறை கொள்ள நேரும்.

ஏட்டுச்சுவடிகளின் வரலாறும் இதனையே உணர்த்துகின்றது. ஏடு பழுதுபடுமுன் படியெடுத்தவர்கள் நூலைக் காத்தனர். அப்படிகள் ஊர்தோறும் சென்றமையால், ஓரிடத்தில் வெள்ளத்திலும் புயலிலும் அழிந்தது மற்றோரிடத்தில் பிழைத்தது. 1978-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்துச் சூறாவளியை நினைவில் கொண்டுள்ள மட்டக்களப்பு மக்களுக்கு, ஓரிடத்தில் மட்டும் வைத்த பொருள் எவ்வளவு எளிதில் போய்விடும் என்பதை எடுத்துக்கூற வேண்டியதில்லை. செய்நிரலோடு பிரியாது செல்லும் ஏடு அத்தகைய படிகளுள் ஒன்று. பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து பழுகாமத்துக்குச் செல்லும் ஒரு சிறு சேமிப்புக்கருவியில் கண்ணகி வழக்குரை முழுவதும் அடங்கும். அங்கு அதனைத் திறக்கும் மாணவன் முதலெழுத்து முதல் இறுதியெழுத்து வரை குறைவின்றிப் படிக்க வேண்டுமாயின், இக்கரையில் பொதிந்தவர் எழுத்துமுறையைச் சரிபார்த்து, முடிவெல்லையைக் குறித்து, மூலத்தையும் காத்து வைத்திருத்தல் வேண்டும்.